இரைச்சல் மிகுந்த அடுக்ககத்தில் ஹாம் வானொலி: இணைய ரிசீவரா, சொந்த ரிசீவரா?

பெங்களூரில் புதிதாக அமெச்சூர் (ஹாம்) வானொலி உரிமம் வாங்கிய தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் சில ஆண்டுகளாக மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒயிட்ஃபீல்டில் பதினோராவது மாடியில் குடியிருக்கும் ஒரு தம்பி சென்ற மாதம் அதை இப்படிக் கேட்டார்: “ஓஎம், நான் கூப்பிடுவது ஐரோப்பாவில் கேட்கிறது. அங்குள்ள இணைய ரிசீவரில் என் குரலை நானே கேட்டேன். ஆனால் அவர்கள் சொல்லும் பதில் என் ரிக்கில் எழவே மாட்டேன் என்கிறது. அதே இணைய ரிசீவரில் பதிலையும் கேட்டு க்யூஎஸ்ஓவை முடித்துவிடலாமா?” (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்; ரிக் என்பது வீட்டிலுள்ள சொந்த வானொலிக் கருவி; க்யூஎஸ்ஓ என்பது இருவர் பேசிக்கொள்ளும் ஒரு தொடர்பு; இணைய ரிசீவர் என்பது வேறொரு ஊரில் இருந்துகொண்டு, உலாவி வழியாக யாரும் கேட்க இடம் தரும் ரிசீவர்.) முடிக்கலாம் என்றும் முடிக்கக் கூடாது என்றும் அவருக்கு ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். என்ன வேலைக்காகக் கேட்கிறீர்கள் என்று அந்த இருவரில் ஒருவரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. அவருக்கு நேரில் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோய் எது என்று பார்த்துவிடலாம். என் வீடு அல்சூரில், மூன்றாவது மாடி. பின்பக்க பால்கனியிலிருந்து பக்கத்து மனையின் வேப்பமரம் வரை 20 மீட்டர் கம்பி இழுத்திருக்கிறேன். யாரும் லிஃப்டைத் தொடாத நள்ளிரவில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அலைவரிசைப் பகுதி) சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டர் முள் ஐந்துக்குக் கீழே நிற்கும். கீழ்த்தளத்தில் யாரோ பொத்தானை அழுத்தியதும் முள் ஒன்பதுக்குத் தாவி, லிஃப்ட் மேலே வந்து கதவு திறக்கும் வரை அங்கேயே நடுங்கிக்கொண்டிருக்கும். எல்இடி விளக்குகளின் டிரைவர், மின் ஸ்கூட்டரின் சார்ஜர், மொட்டைமாடி சோலார் இன்வெர்ட்டர் ஆகியவையும் தங்கள் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கின்றன. முன்பெல்லாம் மின்வெட்டு ஹாம்களுக்கு வரமாக இருந்தது. தெரு இருண்டதும் பேண்ட் தெளியும், பேட்டரியில் ரிக் ஓடும். இப்போது மின்சாரம் போன அடுத்த நொடியில் வளாகத்தின் இன்வெர்ட்டர்கள் அத்தனையும் விழித்துக்கொள்வதால் இரைச்சல் முன்னைவிடக் கூடிவிடுகிறது.

ஒரு எஸ் அலகு என்பது 6 டெசிபல். எஸ்-4 இரைச்சலில் கேட்டிருக்க வேண்டிய ஒரு நிலையம் எஸ்-9 இரைச்சலில் அதே தெளிவோடு கேட்க வேண்டுமானால் 30 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு கூடுதல் திறன் வேண்டும்; 100 வாட்டில் கூப்பிடுகிறவர் 1,00,000 வாட்டுக்குப் போக வேண்டும். அயனிமண்டலப் பாதை போகும்போதும் வரும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு இழப்பைத்தான் தருகிறது. இரைச்சலோ கேட்கிறவரின் வீட்டைப் பொறுத்தது. ஆகவே நெதர்லாந்தின் ஒரு கிராமத்து ஹாமுக்கு நம் குரல் கேட்பதும், அவர் குரல் நமக்குக் கேட்காமல் போவதும் ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், ரிசீவரிடம் நாம் எதிர்பார்க்கும் வேலை. நம் சிக்னல் எப்படிப் போகிறது என்று பார்ப்பது ஒரு வேலை. பேண்ட் திறந்திருக்கிறதா என்று அறிவது இரண்டாவது. எதிர்முனை சொல்வதைக் கேட்டுத் தொடர்பை முடிப்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கு ஏற்ற கருவி மூன்றாவதற்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை ஏற்றுக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, ரிசீவர் இருக்கும் இடம். நம் வீட்டுக்கு அருகில் இருந்தால், நமக்கு எட்டக்கூடிய சிக்னல்தான் அதற்கும் எட்டும். கண்டம் தாண்டி இருந்தால் அது வேறொரு வானத்தைக் கேட்கிறது. தாமதம், போட்டிகளும் விருதுகளும் விதிக்கும் எல்லை, கண்ணுக்குத் தெரியாத செலவு, இணையம் அறுந்தால் கையில் மிஞ்சுவது என்ன என்பவற்றை மற்ற அளவுகோல்களாக வைத்துக்கொள்கிறேன். பணச் செலவைக் கடைசியில்தான் பார்க்கிறேன், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கில் பணத்தைவிட நேரத்தைத்தான் நாம் அதிகமாக இழக்கிறோம்.

## வழி 1: வீட்டிலேயே இரைச்சலைக் குறைத்து, சொந்த ரிசீவரில் கேட்பது

இதுதான் மிகவும் சலிப்பூட்டும் வழி. முதலில் செய்ய வேண்டியதும் இதுவே. ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் எம்சிபியை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு எஸ்-மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறார். எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தால் எந்த அறையில் என்று தெரிந்துவிடும். ஒயிட்ஃபீல்டு தம்பியின் வீட்டில் பூஜை அறையின் எல்இடி சரவிளக்கு மட்டும் மூன்று எஸ் அலகு இரைச்சலைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவருடைய அம்மா அதை அணைக்கச் சம்மதிக்கவில்லை. வேறு அடாப்டர் வாங்கிப் பொருத்தியதும் பிரச்சினை தீர்ந்தது.

வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கு, கேட்பதற்கென்று தனியாக ஒரு சிறிய லூப் ஆன்டெனா வைப்பது நல்ல பலன் தரும். ஒரு மீட்டர் விட்டமுள்ள லூப்பைப் பால்கனியில் நிறுத்தி மெல்லத் திருப்பினால், ஏதோ ஒரு கோணத்தில் அருகிலுள்ள இரைச்சல் மூலம் சட்டென்று அமுங்கும், தொலைதூரச் சிக்னல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆன்டெனாவையும் ரிக்கையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிச்சட்டை வழியாக ஏறிவரும் இரைச்சலை, 31 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையங்களில் கேபிளைச் சில சுற்றுகள் சுற்றித் தடுக்கலாம். இவற்றில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு: அலைபரப்பும் கம்பிக்குப் பக்கத்திலேயே கேட்கும் ஆன்டெனா இருந்தால், பேசும்போது பாயும் சக்தி லூப்பின் பெருக்கியைச் சுட்டுவிடும். ரிக்கில் தனி ரிசீவ் ஆன்டெனா இணைப்பு இல்லையென்றால், பேசும் நேரத்தில் லூப்பைத் துண்டிக்கும் ரிலே ஒன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

குரலை விட்டுவிட்டு முறையை மாற்றுவதும் இந்த வழியில் அடங்கும். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 என்ற கணினிவழிக் குறுஞ்செய்தி முறை, 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்த இரைச்சலைவிட ஏறக்குறைய 20 டெசிபல் கீழே கிடக்கும் சிக்னலையும் படித்துவிடும். குரலில் ஒரு நிலையத்தைக்கூடப் பிடிக்க முடியாத அதே பால்கனியிலிருந்து அதில் ஒரு மாலையில் பல நாடுகளைப் பிடித்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அரட்டைக்கு அது உதவாது என்பதும் உண்மைதான்.

தாமதம் இல்லை, விதிச் சிக்கல் இல்லை, இணையம் தேவையில்லை. ஆனால் லிஃப்ட் மோட்டாரைப் போன்று நம் கைக்குள் அடங்காத இரைச்சலை இந்த வழி ஓரளவுக்கு மேல் குறைக்காது.

## வழி 2: பொது இணைய ரிசீவர்கள்

பலரும் முதலில் சந்திப்பது நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில், ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்எஸ்டிஆர். பீட்டர்-ட்யெர்க் டி போயர் எழுதிய மென்பொருளில் ஓடும் அந்த ரிசீவர் 29.16 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் ஒரே வீச்சில் வாங்கிக்கொள்கிறது. ஒரு சிறிய மினி-விப் ஆன்டெனாவை நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில், ஆளுக்கோர் அலைவரிசையில் கேட்கலாம். இரண்டாவது வகை, 2016இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளம் வழியாக வந்த கிவிஎஸ்டிஆர் (சுருக்கமாக, கிவி). கையடக்கமான பலகை, 10 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, சிக்னலை எண்களாக்கும் 14 பிட் மாற்றி, ஜிபிஎஸ். ஆனால் ஒரே நேரத்தில் நான்கு அல்லது எட்டுப் பேருக்குத்தான் வழக்கமாக இடம் உண்டு. அவை உலகம் முழுவதும் தனியார் வீடுகளிலும் கழகங்களிலும் இயங்குகின்றன. கணினியில் செருகும், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஆர்டிஎல் டாங்கிளோடும் ஓடக்கூடிய ஓப்பன்வெப்ஆர்எக்ஸ் என்ற மென்பொருள் மூன்றாவது வகை.

தன் சிக்னலைத் தானே கேட்டுப் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த வாத்தியார் கிடையாது. “59 (முழு மதிப்பெண்), நல்ல ஆடியோ” என்று மரியாதைக்காகச் சொல்லும் நண்பர்களை நம்பிக்கொண்டு ஓராண்டு ஓட்டினேன். பிறகு ஒரு மாலை, துபாய்ப் பக்கம் இருந்த ஒரு கிவியைத் திறந்து, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, 20 மீட்டர் பேண்டில் காலியாக இருந்த இடத்தில் அழைப்புக்குறியைச் சொல்லிப் பத்து விநாடி பேசிப் பார்த்தேன். மைக் கெயின் அளவுக்கு மீறியிருந்தது; ஒவ்வொரு வல்லின எழுத்தும் பக்கத்து அலைவரிசை வரை தெறித்துக்கொண்டிருந்தது; வாக்கியங்களுக்கு நடுவில் வீட்டு மின்விசிறியின் ஒலி பொங்கி வந்தது. அரை மணி நேரத்தில் மூன்றையும் சரிசெய்தேன். ஜிபிஎஸ் இணைந்த கிவியில் அலைவரிசையும் துல்லியமாகத் தெரியும் என்பதால், பழைய ரிக் எத்தனை ஹெர்ட்ஸ் விலகி நிற்கிறது என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம்.

இதைச் செய்யும்போது ஹெட்ஃபோன் அவசியம். நம் குரல் இணையத்தைச் சுற்றி அரை நொடி முதல் இரண்டு நொடி வரை தாமதித்துத் திரும்பி வரும். ஒலிபெருக்கியில் விட்டால் மைக் அதையும் பிடித்து மறுபடி அனுப்பும். ஹெட்ஃபோனிலும் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்கக் கூடாது, ஏனென்றால் தாமதித்து வரும் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பேசினால் யாருக்கும் நாக்கு குழறும். பேசி முடித்துப் பதிவைக் கேட்பதே முறை.

மூன்றாவது வேலையில்தான் சிக்கல் தொடங்குகிறது. நெதர்லாந்து நிலையத்தை நெதர்லாந்து ரிசீவரிலேயே கேட்டு அந்தத் தொடர்பை முடித்தால், நம் குரல் வானலையில் போனது, அவர் குரல் கடலடிக் கேபிளில் வந்தது. அவரிடமிருந்து பெங்களூர் வரையிலான வானலைப் பாதை நடக்கவே இல்லை. அவருக்கு நாம் தரும் சிக்னல் அறிக்கையும் அவருடைய பக்கத்து ஊரின் அறிக்கைதான்.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு முறை 20 மீட்டரில் ஓர் இத்தாலிய நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் ஓயாமல் ஓடியதால் அவரை ஐரோப்பாவின் நடுப்பகுதியில் இருந்த ஒரு கிவியில் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் தன் பீம் (ஒரு திசையை நோக்கிக் குவிக்கும்) ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே, “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். திரையில் சிக்னல் நான்கு எஸ் அலகு விழுந்தது. மோசமாகிவிட்டது என்றேன். அவர் பழைய திசைக்கே திருப்பினார், ஏறியது, நன்றி சொன்னார். மறுநாள் லிஃப்ட் ஓய்ந்த அதிகாலையில் அவரை என் சொந்த ரிக்கில் பிடித்தபோதுதான் உறைத்தது: முந்தின நாள் அவர் ஆன்டெனாவைத் திருப்பியது இந்தியாவின் பக்கம். இந்தியாவுக்கு ஏறிய சிக்னல் வடக்கே இருந்த அந்த ரிசீவருக்கு இறங்கியிருக்கிறது. ஒரு மனிதரின் ஆன்டெனாவைத் தவறான பக்கம் நிறுத்தி வைத்துவிட்டு நன்றியும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

விதிகளும் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. நூறு நாடுகளோடு பேசியவர்களுக்குத் தரும் டிஎக்ஸ்சிசி விருதுக்கு, ஒரு தொடர்பில் பயன்பட்ட அலைபரப்பிகளும் ரிசீவர்களும் 500 மீட்டர் விட்டமுள்ள ஒரே வட்டத்துக்குள் இருக்க வேண்டும். சிக்யூ வேர்ல்ட் வைடு என்ற உலகப் போட்டியும் இதே 500 மீட்டர் வட்டத்தை வைத்திருக்கிறது. முழு நிலையத்தையும் தொலைவிலிருந்து இயக்குவது வேறு விஷயம். அங்கே பேசுவதும் கேட்பதும் ஒரே இடத்தில் நடக்கின்றன. பேசுவது அல்சூரிலும் கேட்பது என்ஸ்கெடேயிலும் என்றால் அந்தத் தொடர்பு இந்தப் பட்டியல்களில் சேராது.

தாமதமும் இந்த மூன்றாவது வேலையைத்தான் அதிகமாகக் கெடுக்கிறது. குரலில் ஒரு நொடி தாமதத்தைப் பொறுமையுள்ள நண்பர் தாங்கிக்கொள்வார். கூட்டமாக அழைக்கும் பைல்-அப்பில் நம் முறை வந்து போன பிறகுதான் அது நமக்குத் தெரியும். எஃப்டி8 15 நொடி இடைவெளிகளில் நடப்பது. அதில் சிக்னல் ஓடும் நேரமே 12.6 நொடி என்பதால், இணையத் தாமதம் இரண்டு நொடியை நெருங்கினால் கணினிக் கடிகாரம் சரியாக இருந்தும் டிகோடுகள் (படித்தெடுக்கும் செய்திகள்) உதிரத் தொடங்கும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில் உள்ள அமெச்சூர் டிரான்ஸ்பாண்டர் (வாங்கும் சிக்னலைத் திருப்பி அனுப்பும் கருவி), கிழக்குத் தீர்க்கரேகை 25.9 பாகையில் நிலையாக நிற்கிறது. பெங்களூரிலிருந்து மேற்கு வானில் ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் அது தெரியும். அதிலிருந்து இறங்கும் 10 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் எல்லோருக்கும் ஒரே டிரான்ஸ்பாண்டரிலிருந்து வருவதால், இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் உள்ள இணைய ரிசீவர் கேட்பதும் நாம் டிஷ் வைத்துக் கேட்பதும் ஏறத்தாழ ஒன்றே. டிஷ், அதன் முகப்பில் பொருத்தும் எல்என்பி ஆகியவற்றில் பணத்தைப் போடுமுன் அங்கே என்ன நடக்கிறது என்று சில வாரங்கள் கேட்டுப் பழகுவதற்கு அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

இந்த ரிசீவர்கள் இலவசம் என்று சொல்வதும் சரியில்லை. யாரோ ஒருவர் தன் வீட்டு மின்சாரத்தையும் இணையத்தையும் கொடுத்து நடத்துகிறார். நான்கு இருக்கை உள்ள கிவியில் நாம் இரவு முழுவதும் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வேறு ஒருவர் வெளியே நிற்கிறார். சில ரிசீவர்களில் நேர வரம்பு உண்டு. எந்த நிமிடமும் அணைந்து போகலாம். அந்த வீட்டிலும் இரைச்சல் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: நம் சிக்னல் அங்கே கேட்கவில்லை என்றால் ஆன்டெனாவைக் குறை சொல்லுமுன் அருகிலுள்ள இன்னும் இரண்டு ரிசீவர்களில் பார்ப்பது நல்லது.

## வழி 3: தானாக அறிக்கை தரும் வலைப்பின்னல்கள்

தன் சிக்னல் எங்கே போகிறது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் ஒலியைக் கேட்கவே தேவையில்லை. மோர்ஸில் சிக்யூ (பொது அழைப்பு) அனுப்பினால் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க், எஃப்டி8இல் அனுப்பினால் பிஎஸ்கே ரிப்போர்ட்டர், சில வாட் திறனில் இரண்டு நிமிடச் சிக்னலாக அனுப்பினால் டபிள்யூஎஸ்பிஆர் என்று, யார் எத்தனை டெசிபலில் கேட்டார்கள் என்பதை அவையே எண்ணாகத் தந்துவிடும். இரண்டு ஆன்டெனாக்களை ஒப்பிட, ஒரு வாரம் டபிள்யூஎஸ்பிஆர் ஓடவிட்டுப் பார்ப்பதைவிட நேர்மையான சோதனையை நான் அறியேன். குரலின் தரத்தைப் பற்றி இவை எதுவும் சொல்லாது. தொடர்பின் உள்ளே நுழைவதில்லை என்பதால் பொதுவான விருதுகளுக்கும் தடை இல்லை. போட்டிகளில் மட்டும் உதவி பெறாத பிரிவில் சேர்ந்திருந்தால், ரிவர்ஸ் பீக்கனைப் பார்த்து மற்ற நிலையங்களைத் தேடிப் போகக் கூடாது.

## வழி 4: ஊரில் சொந்தமாக ஒரு ரிசீவர்

பெங்களூர்த் தமிழர்களில் பலருக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கம் ஒரு வீடு இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு கிவியை வைத்து இங்கிருந்து கேட்பது என்ற யோசனை எல்லோருக்கும் ஒரு நாள் வரும், எனக்கும் வந்தது. கிருஷ்ணகிரி இங்கிருந்து 90 கிலோமீட்டர் போல. ஐரோப்பாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரும் சிக்னலுக்கு இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அங்கே கேட்பது, இரைச்சல் இல்லாதிருந்தால் இங்கே என்ன கேட்டிருக்குமோ அதற்கு மிக நெருக்கமாக இருக்கும். வழி 2இல் உள்ள இடக் கோளாறு இதில் பெரும்பாலும் இல்லை; இத்தாலிய நண்பருக்கு இதைக்கொண்டு அறிக்கை கொடுத்திருந்தால் அவர் ஆன்டெனா சரியான பக்கமே நின்றிருக்கும். 500 மீட்டர் வட்டத்துக்கு வெளியே என்பதால் விருதுக்கு மட்டும் உதவாது.

செலவுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். கிவியோடு சாதாரண மொபைல் சார்ஜரை மாட்டினால், எந்த இரைச்சலிலிருந்து தப்பி ஊருக்குப் போனோமோ அதை நாமே அங்கே கொண்டு சேர்த்தவர்கள் ஆவோம். இரைச்சல் எழுப்பாத 5 வோல்ட் லீனியர் சப்ளை தனியாக வாங்க வேண்டும். நம் நாட்டு வீட்டு இணைப்புகள் பலவற்றில் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, பலருக்கும் சேர்த்து ஒன்றையே பங்கிடுகிறார்கள். அதனால் வெளியிலிருந்து ரிசீவரை நேராகத் தொட முடியாது. கிவியின் ப்ராக்ஸி சேவை போன்ற ஒன்றின் வழியாகச் சுற்றி வர வேண்டும். கிராமம் அமைதியானது என்ற நம்பிக்கையும் முழுக்க உண்மையில்லை. எங்கள் தோப்பை ஒட்டிய நிலத்தில் காட்டுப்பன்றிக்காகப் போட்ட சோலார் வேலி நொடிக்கொரு முறை “டிக், டிக்” என்று எல்லா பேண்டிலும் அடித்தது. வேலிக்காரரிடம் பேசி, செடி உரசிக்கொண்டிருந்த ஒரு கம்பியை நகர்த்திய பிறகே அடங்கியது.

இடியை மறந்துவிடக் கூடாது. ஏப்ரல், மே மாதக் கோடைமழையின்போது ஆன்டெனா கேபிளைக் கழற்ற அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். எங்கள் சித்தப்பா வானம் கறுத்ததும் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவார். திரும்ப மாட்டுவதற்கு மட்டும் நான் தொலைபேசியில் ஞாபகப்படுத்த வேண்டும். உரிமத்தில் நிலையத்தின் முகவரி குறிப்பிடப்பட்டிருப்பதால், வேறு முகவரியில் கருவி வைக்குமுன் உரிமம் வழங்கும் அலுவலகத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

## வழி 5: வளாகத்துக்குள்ளேயே ஓர் அமைதியான மூலை

இந்த வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பெங்களூரின் பெரிய குடியிருப்பு வளாகங்களுக்கு இதுவே பொருத்தமானது என்று நினைக்கிறேன். 500 மீட்டர் விட்டம் என்பது சிறிய இடமில்லை. எட்டு, பத்து பிளாக்குகள் உள்ள வளாகம் முழுவதும் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். லிஃப்ட் மோட்டார் அறையும் ஜெனரேட்டரும் இல்லாத ஒரு மூலையை, குழந்தைகள் பூங்காவின் பின்சுவரையோ கிளப் ஹவுஸின் மொட்டைமாடியையோ தேர்ந்து, அங்கே ஒரு லூப்பும் ரிசீவரும் வைத்து, வளாகத்தின் உள் வலைப்பின்னல் வழியாகக் கேட்கலாம். வெளி இணையத்துக்குப் போகாததால் தாமதமும் ஓரளவு குறையும். தொடர்பு விருதுக்கும் செல்லும், அறிக்கையும் உண்மையாக இருக்கும்.

இடத்தை முடிவு செய்யுமுன் பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே இரைச்சல் அடங்குகிறதோ அதுவே இடம். மலிவான ஆர்டிஎல் டாங்கிளை நேரடி முறையில் ஷார்ட்வேவுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால், 612 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் பெங்களூர் வானொலி நிலையம் போன்ற பெரிய சிக்னல்கள் அதன் 8 பிட் மாற்றியைத் திணறடிக்காமல் இருக்க, முன்னால் மீடியம் வேவைத் தடுக்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் போட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு, குடியிருப்போர் சங்கம். “ஆன்டெனா” என்ற சொல்லைக் கேட்டதுமே மொபைல் டவர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இது வெறும் கேட்கும் கருவி, எதையும் வெளியே அனுப்பாது என்று எழுதிக் கொடுத்து, ஒரு மாலை நேரில் ஓட்டிக் காட்டினால் பெரும்பாலும் இணங்கிவிடுவார்கள். செயலாளர் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

## ஒரு பார்வையில்

| வழி | தன் சிக்னலைச் சோதிக்க | தொடர்பை முடிக்க | விருது, போட்டி | தாமதம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| வீட்டு இரைச்சலைக் குறைத்தல் | உதவாது | மிகப் பொருத்தம் | தடையில்லை | இல்லை | பல வார இறுதிகள், ரிலே |
| பொது இணைய ரிசீவர் | மிகப் பொருத்தம் | சொல்லிவிட்டு, அரட்டைக்கு மட்டும் | செல்லாது | அரை முதல் இரண்டு நொடி | பிறர் தயவு, தவறான அறிக்கை |
| தானியங்கி அறிக்கை | எண்களுக்கு மிக நன்று | பொருந்தாது | போட்டிப் பிரிவைப் பொறுத்தது | பொருட்டில்லை | குரலின் தரம் தெரியாது |
| ஊரில் சொந்த ரிசீவர் | நன்று | நன்று | செல்லாது | ஏறக்குறைய ஒரு நொடி | இடி, இணைப்பு, ஓர் ஆள் |
| வளாகத்து மூலை | மிக அருகில் என்பதால் பயன் குறைவு | மிக நன்று | வட்டத்துக்குள் இருந்தால் செல்லும் | ஒரு நொடிக்குள் | சங்கத்தின் அனுமதி |

## எந்த நிலையில் எது

வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஓராண்டில் காலி செய்யப் போகிறவர், வழி 1இல் எம்சிபி சோதனையையும் ஃபெரைட் வளையத்தையும் முடித்துவிட்டு, மீதியைப் பொது ரிசீவரோடும் எஃப்டி8ஓடும் நிறுத்திக்கொள்ளலாம். ஊருக்கு ரிசீவர் வாங்கும் பணத்தை அவர் இப்போது செலவிட வேண்டாம். சொந்த வீடு, பெரிய வளாகம், விருது ஆசை ஆகிய மூன்றும் உள்ளவர் வழி 5க்குச் சங்கத்தோடு பேச்சைத் தொடங்கலாம். விருது, போட்டி எதிலும் நாட்டம் இல்லாமல், காலையில் 40 மீட்டரில் கூடும் தமிழ் நெட் என்ற ஹாம் சந்திப்பில் நண்பர்களின் குரலைத் தெளிவாகக் கேட்டால் போதும் என்பவருக்கு ஊரில் உள்ள ரிசீவரைவிட இன்பம் தருவது வேறில்லை.

பேரிடர்க் காலப் பணிக்கு ஆயத்தமாக விரும்புகிறவர் மட்டும் வழி 2, வழி 4 ஆகிய இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் திட்டமிட வேண்டும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழு, அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேரில்தான் இருந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்த நிலையில் அவர்களுடைய ரிக்குகள்தான் செய்திகளை வெளியே கொண்டுவந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் உலாவியில் திறக்கும் ரிசீவர் இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. இணையம் இருக்கும் வரை மட்டும், பெங்களூரில் கேட்காத ஒரு நலிந்த நிலையத்தை வேறு ஊர் ரிசீவரில் கேட்டுச் செய்தியைப் பதிவு செய்வதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை. அங்கே விருது இல்லை, செய்தி சேருவதே வேலை.

நான் இப்போது பின்பற்றும் முறை எளியது. இணைய ரிசீவரில் கேட்டால் முதல் ஓவரிலேயே, “உங்களை என் வீட்டு ரிசீவரில் கேட்கவில்லை, இன்ன ஊரில் உள்ள இணைய ரிசீவரில் கேட்கிறேன்” என்று சொல்லிவிடுகிறேன்; அறிக்கையை அந்த ஊரின் பெயரோடு சேர்த்தே கொடுக்கிறேன். பெரும்பாலோர் சிரித்துவிட்டுத் தொடர்கிறார்கள், ஒரு சிலர் “73” (விடைபெறும் வாழ்த்து) சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். லாக் புத்தகத்தின் குறிப்புப் பத்தியில் அந்த வரிசைக்கு நேராக “தொலை” என்று எழுதுகிறேன். விருதுக்கு அனுப்பும் பட்டியலை எடுக்கும்போது அந்தச் சொல் உள்ள வரிகளைத் தாண்டிப் போய்விடுவேன். இத்தாலிய நண்பரின் முதல் நாள் தொடர்புக்கு நேரே அந்தச் சொல்லைப் பிற்பாடு வேறு மையில் எழுதிச் சேர்த்தேன்.